"முதலில் தேறட்டும்" என்று நானும் சொல்லியிருக்கிறேன்

மலையகத்துத் தை மாத இரவுகளில், வாட்டு ஜன்னலை எவ்வளவு சாத்தினாலும் குளிர் உள்ளே வந்துவிடும். சில வருடங்களுக்கு முன் அப்படியொரு இரவில் 1.5 கிலோ எடையில் ஒரு பிள்ளை பிறந்தது. தாய் கொழுந்து பறிப்பவர். "என்கிட்ட குடுங்க மிஸ்ஸி, நெஞ்சுல வச்சிக்கிறேன்" என்று கேட்டார். "பிள்ளை முதலில் தேறட்டும்மா, அப்புறம் தர்றோம்" என்றேன்.

நான் படித்ததும் மூத்த தாதியர் செய்ததும் அதுதான். எடை மிகக் குறைந்த பிள்ளை இன்குபேட்டரில் நிலைப்பட்ட பிறகே தாயிடம் போகும். யாரும் சோம்பலில் செய்த வேலையல்ல, அன்றைய வழிகாட்டல்களே அப்படித்தான் சொல்லின.

அந்தத் தாய் கேட்டதுபோல, பிள்ளையைத் தாயின் வெறும் நெஞ்சோடு தோல் படச் சேர்த்து வைப்பதுதான் கங்காரு பராமரிப்பு. அது 1978இல் கொலம்பியாவின் பொகோட்டா நகரில், இன்குபேட்டர் போதாத ஒரு வைத்தியசாலையில் தொடங்கியது. அது நல்லதென்று எல்லோருக்கும் தெரியும். எப்போது தொடங்குவது என்பதில்தான் கேள்வி. கானா, இந்தியா, மலாவி, நைஜீரியா, தன்சானியா ஆகிய நாடுகளின் வைத்தியசாலைகளில் 1 முதல் 1.8 கிலோவுக்குள் பிறந்த 3,211 பிள்ளைகளிடம் இதைச் சோதித்தார்கள். தேறும்வரை காத்திருந்த பிள்ளைகளில் 28 நாளுக்குள் 15.7 சதவீதம் இறந்தன. பிறந்தவுடன் நெஞ்சில் வைத்தவற்றில் 12 சதவீதம். பலன் தெளிவாகத் தெரிந்ததால் ஆய்வையே முன்கூட்டி நிறுத்தினார்கள். முடிவு 2021இல் வெளிவந்தது. மறுவருடமே உலக சுகாதார நிறுவனம், இயன்றளவு சீக்கிரம் தொடங்குங்கள், நாளுக்கு 8 முதல் 24 மணித்தியாலம் வையுங்கள் என்றது.

அதைப் படித்த அன்று அந்தத் தாயின் முகம்தான் நினைவுக்கு வந்தது.

ஆய்வைப் படிக்கும்போது முடிவை மட்டும் பார்த்துவிட்டுப் போகக்கூடாது. அங்கே பிள்ளைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தபோதே நாளுக்கு ஏறக்குறைய 17 மணித்தியாலம் நெஞ்சில் இருந்தன. நாங்களோ அரை மணித்தியாலம் வைத்துவிட்டு, கங்காரு கொடுத்தாயிற்று என்று கொப்பியில் எழுதுகிறோம். அந்த அரை மணித்தியாலத்துக்கு இந்த ஆய்வு சாட்சி சொல்லாது. அதேபோல தானாக மூச்சுவிட முடியாத, வென்டிலேட்டர் தேவைப்படுகிற பிள்ளைக்கும் இதை அப்படியே பொருத்தக்கூடாது.

சரி, எங்கள் குளிருக்கு ஒத்துவருமா? மாமியார்மார் கேட்பதும் இதைத்தான்: "சட்டையில்லாம வச்சா சளி புடிக்காதா மிஸ்ஸி?" நியாயமான கேள்வி, அதட்டக்கூடாது. பிள்ளைக்குத் தொப்பி, காலுறை, நெப்பி மட்டும் போட்டுத் தாயின் நெஞ்சோடு சேர்த்துக் கட்டி, மேலே கம்பளி போர்த்துவேன். பிறகு தேர்மோமீட்டரை வைத்து, 36.5க்கும் 37.5க்கும் இடையில் இருக்கிறதா என்று அவர்களையே பார்க்கச் சொல்வேன். தாய்க்கு முடியாத நேரத்தில் தகப்பனோ மாமியாரோ வைத்துக்கொள்ளலாம் என்றும் சொல்வேன். நம் வாட்டில் நாமே எடுத்து எழுதிவைக்கிற வெப்பநிலையும் ஆதாரம்தான். மாத முடிவில் அதை எடுத்துக்கொண்டு டொக்டரிடம் பேசலாம்.

தோட்டப் பகுதியில் எடை குறைந்த பிள்ளைகள் நாட்டின் மற்ற இடங்களைவிட அதிகம். ஆனால் தாய் ஒரு வாட்டில், பிள்ளை இன்னொரு வாட்டில் என்றால் 17 மணித்தியாலம் எங்கிருந்து வரும்? அந்த ஆய்வில் தாயின் கட்டிலைப் பிள்ளை இருக்கும் பிரிவுக்கே கொண்டுவந்தார்கள். அடுத்த முறை இன்குபேட்டர் கேட்டு எழுதும்போது, தாய்மாருக்குக் கட்டிலும் சாய்வு நாற்காலியும் வைக்க இடம் வேண்டுமென்று அதே கடிதத்தில் எழுதுங்கள்.