தட்டைத் தராசில் வையுங்கள்: வீட்டு கிரனோலா பாரின் சர்க்கரைக் கணக்கு

என்னிடம் நான்கு ஆண்டுகளாக உணவு ஆலோசனைக்கு வரும் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் இருக்கிறார். நீரிழிவு உண்டு. சொன்னதைச் செய்பவர், செய்ததை நோட்டில் எழுதி வைப்பவர். 6.9-ஐத் தாண்டாமல் இருந்த அவருடைய மூன்று மாதச் சராசரி சர்க்கரை அளவு ஒருமுறை 7.6 என்று வந்தது. மாத்திரை மாறவில்லை, நடை குறையவில்லை, தூக்கமும் பழையபடிதான்.

"புதுசா ஏதாவது சாப்பிட ஆரம்பிச்சீங்களாம்மா?"

"ஒண்ணுமில்ல மேடம். கடை பிஸ்கட்டைக்கூட நிறுத்திட்டேன். அதுக்குப் பதிலா கிரனோலா பார் நானே ஓவன்ல செய்யறேன். ஓட்ஸ், தேன், நட்ஸ், எல்லாம் நல்லதுதானே? மாலையில ரெண்டு."

நோட்டைத் திறந்து செய்முறையைக் காட்டினார். ஓட்ஸும் பாதாமும் போக, அரை கப் தேன், அரை கப் பழுப்புச் சர்க்கரை, அரை கப் சாக்லேட் துண்டுகள், அரை கப் இனிப்பூட்டிய கிரான்பெரி. மொத்தம் 12 துண்டுகள். இருவரும் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். அரை கப் தேன் 170 கிராம். அதில் சர்க்கரை மட்டும் 140 கிராமை ஒட்டி வரும். பழுப்புச் சர்க்கரை 100 கிராம். சாக்லேட்டிலிருந்து ஒரு 40, கிரான்பெரியிலிருந்து இன்னொரு 40. கூட்டினால் 320 கிராம். 12 துண்டுகளுக்குப் பங்கிட்டால் துண்டுக்கு 26 கிராமுக்கு மேல். அவர் சாப்பிட்டது இரண்டு.

உலக சுகாதார நிறுவனம் 2015-ல் வெளியிட்ட வழிகாட்டுதல், நாம் சேர்க்கும் சர்க்கரை நாளின் மொத்தக் கலோரியில் 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், 5 சதவீதத்துக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்கிறது. 2000 கலோரி சாப்பிடுபவருக்கு அது 50 கிராம், 25 கிராம். தேன், மேப்பிள் சிரப், பழச்சாறு எல்லாமே அந்தக் கணக்கில் அடங்கும். தேன் இயற்கையானது என்பதற்காக அதற்கு விலக்கு இல்லை. ஆக, மாலைச் சிற்றுண்டி ஒன்றிலேயே அவருடைய நாளின் உச்சவரம்பு தாண்டிவிட்டது. எண்ணைப் பார்த்ததும் அவர் முகம் வாடியது எனக்குக் கஷ்டமாக இருந்தது. அவர் ஏமாற்றவில்லை, அலட்சியமாகவும் இருக்கவில்லை. நல்லது செய்கிறோம் என்று நம்பி, நேரம் செலவழித்து, ஓவன் முன்னால் நின்று செய்தவர்.

கடைப் பாக்கெட்டின் பின்பக்கத்தில் ஊட்டச்சத்துக் கட்டம் ஒன்று அச்சாகியிருக்கும். வீட்டில் செய்யும் தட்டுக்கு அதை எழுத ஆளில்லை. அதனால்தான் இந்தப் பாரைச் செய்யும் ஒவ்வொருவரிடமும் முதலில் தராசு வாங்கச் சொல்கிறேன். கப் கணக்கு நம்பக்கூடியதல்ல. தேனைக் கப்பில் ஊற்றினால் விளிம்பு வரை போகும், பக்கத்தில் ஒட்டும், ஒட்டியதை வழித்து இன்னும் கொஞ்சம் போடுவோம். பாத்திரத்தைத் தராசில் வைத்து எண்ணைப் பூஜ்யமாக்கி, நேராக அதிலேயே ஊற்றுங்கள். தேனின் எடையில் ஐந்தில் நான்கு பங்கு சர்க்கரை என்று வைத்துக்கொண்டால் கணக்கு சரியாகவே வரும்.

"அப்போ தேனைப் பாதியாக் குறைச்சுடறேன்" என்றார் அவர். குறைத்தார். அடுத்த வாரம் தொலைபேசியில், "மேடம், எல்லாம் பொலபொலன்னு உதிர்ந்து போச்சு. கரண்டியால அள்ளித்தான் சாப்பிட்டோம்" என்றார்.

பலர் இந்த இடத்தில்தான் மனம் சோர்ந்து பழைய அளவுக்கே திரும்புகிறார்கள். கிரனோலா பாரில் சர்க்கரைக்கு இனிப்பைத் தவிர இன்னொரு வேலையும் உண்டு: அதுதான் பசை. சூட்டில் இளகி ஓட்ஸையும் விதைகளையும் சுற்றிக்கொள்கிறது, ஆறும்போது கெட்டிப்பட்டு எல்லாவற்றையும் பிடித்து நிறுத்துகிறது. பசையை எடுத்துவிட்டால் வேறொரு பசை தர வேண்டும். என் வீட்டு அடுப்படியில் பலமுறை உதிர்ந்து, பலமுறை கல்லாகி, கடைசியில் நான் நிலைத்து நின்ற வழியைச் சொல்கிறேன்.

ஓட்ஸ் 200 கிராம். அவல்போல் தட்டையாக இருக்கும் ரோல்டு ஓட்ஸ்தான் வேண்டும், உடனடி ஓட்ஸ் குழைந்துவிடும். அதில் 50 கிராமை மட்டும் மிக்சியில் மாவாக்கிக்கொள்ளுங்கள். முழு ஓட்ஸுக்கு இடையிலுள்ள சந்துகளை இந்த மாவு அடைத்துவிடும். பார் உதிராமல் இருப்பதில் பாதிப் பங்கு இதனுடையது. பாதாம், வால்நட் போன்ற கொட்டைகள் 80 கிராம். இவற்றைப் பொடியாக நறுக்க வேண்டும். முழுப் பாதாம் இருக்கும் இடத்தில்தான் கத்தி இறங்கும்போது துண்டு பிளக்கிறது. பூசணி விதை, சூரியகாந்தி விதை, எள் சேர்ந்து 40 கிராம். ஓட்ஸ் மாவைத் தனியே வைத்துவிட்டு, மீதி ஓட்ஸையும் கொட்டைகளையும் விதைகளையும் தட்டில் பரப்பி 160 டிகிரியில் 10 நிமிடம் வறுத்து ஆறவிடுங்கள். இந்த ஒரு படியைத் தவிர்த்தால் மணமே வராது. மணம் குறைந்தால் கை தானாகத் தேனைத் தேடும்.

பசைக்குக் கொட்டை நீக்கிய பேரீச்சம்பழம் 100 கிராம், வெந்நீரில் கால் மணி நேரம் ஊறவைத்துப் பிழிந்து மசித்தது. சர்க்கரை சேர்க்காத வேர்க்கடலை வெண்ணெய் 60 கிராம். தேன் 40 கிராம். மூன்றையும் சிறு தீயில் இளகும்வரை கலக்க வேண்டும், கொதிக்க வேண்டாம். இறக்கிக் கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் நன்றாக அடித்த ஒரு முட்டை வெள்ளைக்கருவைச் சேருங்கள். ஓவனில் வெள்ளைக்கரு இறுகும்போது, குறைத்த தேனின் பிடிப்பை அது ஈடுகட்டுகிறது. சூடாக இருக்கும்போதே ஊற்றினால் அங்கேயே திரிந்துவிடும். முட்டை சாப்பிடாதவர்கள் ஒரு மேசைக்கரண்டி ஆளிவிதைப் பொடியை மூன்று மேசைக்கரண்டி நீரில் பத்து நிமிடம் ஊறவைத்தால் வரும் வழுவழுப்பான கூழைச் சேர்க்கலாம். பிடிப்பு கொஞ்சம் குறைவுதான், ஆனால் போதுமானது. ஒரு சிட்டிகை உப்பும் பட்டைப் பொடியும் போடுங்கள். இரண்டுமே இனிப்பை எடுத்துக் காட்டும். வறுத்து ஆறியவற்றையும் தனியே வைத்த ஓட்ஸ் மாவையும் இந்தப் பசையில் கொட்டி நன்றாகக் கலந்துகொள்ளுங்கள்.

20 சென்டிமீட்டர் சதுரத் தட்டில் பட்டர் பேப்பரை இரு பக்கமும் வெளியே நீட்டி விரித்து, கலவையைக் கொட்டி, அடி தட்டையான டம்ளரை ஈரமாக்கி அழுத்துங்கள். "அழுத்தினேன்" என்று சொல்பவர்களில் பெரும்பாலோர் தட்டிக்கொடுத்திருப்பார்கள். உடல் எடையைச் சாய்த்து, மூலை மூலையாக, இரண்டு முறை அழுத்த வேண்டும். 160 டிகிரியில் 22 முதல் 25 நிமிடம். காற்றாடி ஓடும் ஓவனாக இருந்தால் 20 டிகிரி குறைத்துக்கொள்ளுங்கள். வெளியே எடுக்கும்போது நடுவில் மெத்தென்றுதான் இருக்கும். வேகவில்லை என்று நினைத்து மீண்டும் உள்ளே தள்ளாதீர்கள், ஆறிய பிறகு கல்லாகும். தட்டிலேயே ஒன்றரை மணி நேரம், பிறகு குளிர்பெட்டியில் அரை மணி நேரம். பெரிய கத்தியை மேலிருந்து நேராக இறக்கி வெட்ட வேண்டும், ரம்பம்போல் இழுக்கக் கூடாது.

16 துண்டு போட்டால் ஒவ்வொன்றும் 32 கிராம் அளவில் இருக்கும். ஏறத்தாழ 140 கலோரி, 4 கிராமுக்குச் சற்று மேல் புரதம், இரண்டரை கிராம் நார்ச்சத்து. தேனிலிருந்து வரும் சர்க்கரை 2 கிராம், பேரீச்சையிலிருந்து 4 கிராம். பழம்தானே என்று பேரீச்சையைக் கணக்கிலிருந்து தள்ளுபவர்கள் உண்டு. மசித்த பேரீச்சை ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றத்தான் செய்யும் என்பதால் நீரிழிவு உள்ளவர்களுக்கு நான் 6 கிராம் என்றே எழுதிக் கொடுக்கிறேன். ஒரு நாளைக்கு ஒரு துண்டு. கலோரியைப் பார்த்தீர்களா? சர்க்கரை குறைந்தாலும் கொட்டைகளின் கொழுப்பால் அது அதிகமாகவே இருக்கிறது. நல்ல கொழுப்புதான், ஆனால் மூன்று துண்டு சாப்பிட்டால் ஒரு சிறு வேளைச் சாப்பாட்டின் கலோரி.

நிறத்தைப் பற்றி ஒரு சொல். தேனிலுள்ள ஃபிரக்டோஸ் சீக்கிரம் சிவக்கும். ஓரங்கள் கருகும்வரை விட வேண்டாம். மாவுச்சத்துள்ள பொருள்கள் 120 டிகிரிக்கு மேல் ஈரம் குறைந்து சிவக்கும்போது அக்ரிலமைடு என்ற, தீங்கு தரக்கூடிய வேதிப்பொருள் உருவாகிறது என்பதை 2002-ல் சுவீடன் ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். அதை முழுதாகத் தவிர்க்க முடியாது, குறைக்க முடியும். பொன்னிறத்தில் நிறுத்துங்கள். கருத்த ஓரத்தை வெட்டி எறிவதில் தவறில்லை.

கொட்டைகளை வாங்கியதும் ஒன்றை மென்று பாருங்கள். பழைய எண்ணெய் வாடையோ கசப்போ இருந்தால் மொத்தமும் குப்பைக்குத்தான். பூஞ்சை பிடித்த வேர்க்கடலையை வறுத்தால் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை ஆபத்தானது. பூஞ்சை உண்டாக்கும் அஃப்ளாடாக்சின் என்ற நச்சு வறுக்கும் சூட்டில் முழுதாக அழியாது.

இன்னொன்றை அடிக்கடி கேட்கிறேன்: "ஓட்ஸ் பார் சாப்பிட்டா கொலஸ்ட்ரால் குறையுமாமே?" ஓட்ஸிலுள்ள பீட்டா குளூக்கன் என்ற நார்ச்சத்து கெட்ட கொலஸ்ட்ராலைக் குறைக்க உதவும் என்பது உண்மை. ஆனால் அதற்கு நாளுக்கு 3 கிராம் வேண்டும், அதாவது 75 கிராம் அளவு ஓட்ஸ். நம் ஒரு துண்டில் இருப்பது 12 கிராம் ஓட்ஸ். மீதியை வேறு வேளை உணவில்தான் பார்க்க வேண்டும். இந்தப் பாரை நம்பி மாத்திரையை நிறுத்தியவரை நான் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள்.

நீரிழிவுக்கு மருந்து எடுப்பவர்களின் வீட்டாருக்கு ஒரு முக்கியமான செய்தி. சர்க்கரை தாழ்ந்து கைநடுங்கி வியர்க்கும் நேரத்தில் பையில் இருக்கும் கிரனோலா பாரைக் கொடுக்காதீர்கள். அதிலுள்ள கொழுப்பும் நாரும் சர்க்கரை ரத்தத்தில் சேர்வதைத் தாமதப்படுத்தும். அப்போது வேண்டியது 15 கிராம் குளுக்கோஸ், அல்லது நீரில் கரைத்த மூன்று தேக்கரண்டி சர்க்கரை. கால் மணி நேரம் கழித்து மீண்டும் அளந்து, அளவு ஏறிய பிறகு இந்தப் பார் உதவும்.

சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் கொட்டையிலும் பேரீச்சையிலும் உள்ள பொட்டாசியத்தை நினைத்து, மருத்துவரைக் கேட்காமல் தொட வேண்டாம். கோதுமையிலுள்ள குளூட்டன் என்ற புரதம் ஒத்துக்கொள்ளாத செலியாக் நோய் உள்ளவர்களுக்கு 'குளூட்டன் இல்லாதது' என்று சான்று பெற்ற ஓட்ஸ்தான், அதுவும் மருத்துவர் சம்மதித்த பிறகு. ஓட்ஸ் கோதுமையோடு ஒரே ஆலையில் கலந்துவிடுவதுண்டு. அடுத்தவர் வீட்டுக்குக் கொடுத்தனுப்பும்போது, என்னென்ன கொட்டைகள், எள் உண்டா, முட்டை உண்டா என்று ஒரு சீட்டில் எழுதி ஒட்டுங்கள்.

வைக்கும் முறை எளிது. நன்றாக ஆறிய பிறகு மூடுங்கள். சூட்டோடு மூடினால் ஆவி உள்ளேயே நீராகித் தங்கிப் பூஞ்சை வரும். பேரீச்சை ஈரம் இருப்பதால் வெளியில் மூன்று நாளுக்கு மேல் நான் வைப்பதில்லை. குளிர்பெட்டியில் இரண்டு வாரம், தனித்தனியாகச் சுற்றி உறைபெட்டியில் மூன்று மாதம் தாங்கும்.

ஆசிரியை அடுத்த முறை வந்தபோது நோட்டில் புதிதாக ஒரு கட்டம் வரைந்திருந்தார். தட்டின் மொத்த எடை, தேனின் எடை, துண்டின் எடை, நாளுக்கு ஒன்று. எழுந்து போகும்போது வாசலில் நின்று, "பேரனுக்கு எட்டு மாசம் மேடம். ஓரத்துல துளி கிள்ளிக் கொடுக்கலாமா?" என்று கேட்டார்.

வேண்டாம் என்று சொல்லி, மறுபடி உட்கார வைத்தேன். தேனில் இருக்கக்கூடிய பாட்டுலினம் கிருமியின் வித்துகள் வீட்டு ஓவனில் சாவதில்லை. ஓவன் 160-ல் இருந்தாலும் பாரின் ஈரமான உட்பகுதி 100 டிகிரியை ஒட்டித்தான் நிற்கும். பெரியவர்களின் குடல் அதைச் சமாளிக்கும், ஒரு வயது நிறையாத குழந்தையின் குடலால் முடியாது. வேகவைத்த தேனும் அந்த வயதுக்கு ஆகாது. ஒரு வயதுக்குப் பிறகும் ஐந்து வயது வரை கொட்டைகளை மாவாக அரைத்துச் சேர்க்க வேண்டும், துண்டாக இருந்தால் மூச்சுக்குழாயில் அடைக்கும். அவர் பேனாவை எடுத்து, கட்டத்துக்குக் கீழே பேரன் பெயரை எழுதி, பக்கத்தில் தேதி குறித்துக்கொண்டார்.