ஹேக்கத்தானும் மருந்துக்குக் கேளாமையும்

பாளையங்கோட்டையில் கல்லூரியில் படிக்கும் தம்பி மகள் போன வாரம் ஓர் அறிவிப்பைக் கொண்டுவந்தாள். தலைப்பு: 'நுண்ணுயிர் எதிர்ப்பு ஹேக்கத்தான்'. கணினி நிரல் எழுதுகிறவர்கள் கூடி உட்கார்ந்து விடாமல் வேலை செய்யும் கூட்டத்துக்குத்தான் ஹேக்கத்தான் என்று பெயர். "பெரியப்பா, இதை நல்ல தமிழ்ல போடணும்" என்றாள். பக்கத்தில் இருந்த அம்மா, "ஹேக்குன்னா பேங்க்ல பணத்த உருவுகதுல்லா? அதுக்கா காலேஜ்ல கூட்டம் போடுதாவ?" என்று கேட்டாள்.

கேட்க வேண்டிய கேள்விதான். 'ஹேக்' என்பதற்கு ஆங்கிலத்தில் பழைய பொருள், தாறுமாறாக வெட்டுவது. அமெரிக்காவின் எம்ஐடி தொழில்நுட்பக் கல்வி நிறுவனத்தில் மாதிரி ரயில் கழகம் நடத்திய மாணவர்கள் 1950களில் மின்சுற்றை நோண்டிப் புதிதாக எதையாவது செய்து பார்ப்பதற்கு அந்தச் சொல்லை எடுத்துக்கொண்டார்கள். அங்கிருந்து கணினிக்கு வந்தது. திருட்டுப் பொருள் பிற்பாடு ஒட்டியது. ஹேக்கத்தானில் இருப்பது நோண்டிப் பார்க்கும் பொருள்தான்.

பின்பாதி மராத்தானின் வால். மராத்தான் கிரேக்க நாட்டு ஊர். பெருஞ்சீரகத்தின் கிரேக்கப் பெயர்தான் ஊர்ப்பெயரானது என்பார்கள். 1896 ஒலிம்பிக்கில் அந்த ஊரிலிருந்து ஏதென்ஸ் வரை ஓடினார்கள். அப்புறம் விடாமல் நீளும் எதற்கும் அந்த வாலை ஒட்டத் தொடங்கிவிட்டார்கள். 1999 ஜூனில் கனடாவின் கால்கரி நகரில் ஓபன்பிஎஸ்டி என்ற கணினி இயங்குதளத்தை எழுதும் நிரலாளர்கள் பத்துப் பேர் கூடி உட்கார்ந்து வேலை செய்ததே ஹேக்கத்தான் என்று பெயர் பெற்ற முதல் கூட்டங்களில் ஒன்று. இந்தியாவில் 2017இல் தொடங்கிய ஸ்மார்ட் இந்தியா ஹேக்கத்தான் போட்டியாக நடப்பதால், நாமும் 'நிரலாக்கப் போட்டி' என்று எழுதிப் பழகிவிட்டோம்.

என்னை அதிகம் உறுத்துவது அறிவிப்பின் முன்பாதி. 'நோய் எதிர்ப்புச் சக்தி' என்றால் நமக்கு நல்லது. ஆன்டிபயாடிக்கை 'நுண்ணுயிர் எதிர்ப்பி' என்கிறோம், அதுவும் நல்லது. அப்படியிருக்க 'நுண்ணுயிர் எதிர்ப்பு' என்று படிப்பவர் இதையும் நல்லதென்றுதானே எடுத்துக்கொள்வார்? மருந்தைத் தாங்கிக் கிருமி பிழைத்துக்கொள்ளும் ஆபத்தைச் சொல்ல வந்த சொல், நேர்மாறாகக் காதில் விழுகிறது. 2019இல் மட்டும் உலகில் சுமார் 12.7 லட்சம் பேர் இதனால் நேரடியாக இறந்ததாக மதிப்பிட்டிருக்கிறார்கள். அவ்வளவு பெரிய ஆபத்துக்கு இப்படிக் குழப்பும் பெயரை வைக்கக் கூடாது.

அம்மாவிடம் விஷயத்தை விளக்கினேன். பென்சிலினைக் கண்டுபிடித்த ஃபிளெமிங், கிருமி மருந்துக்குப் பழகிவிடும் என்று 1945லேயே எச்சரித்தது, சீட்டு இல்லாமல் மெடிக்கலில் வாங்கும் செட்டு மாத்திரை, சீட்டு இல்லாமல் வாங்கக் கூடாது என்று மாத்திரைப் பட்டையில் போட்டிருக்கும் சிவப்புக் கோடு, எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு, "ஓ, காய்ச்சல் மருந்துக்குக் கேக்க மாட்டேங்குன்னு சொல்லுவோம்லா, அதுவா?" என்றாள்.

அதேதான். வயலில் மருந்தடிப்பவர்களும் "பூச்சி மருந்துக்குக் கேக்கல" என்பார்கள். கேட்பது என்றால் இங்கே பணிவது. பிள்ளை சொன்ன பேச்சைக் கேட்பது போல. ஆகவே என் பரிந்துரை 'மருந்துக்குக் கேளாமை'. கேளாமை என்றால் காது கேளாமையும் நினைவுக்கு வருமே என்றால், வரும். அதனால்தான் முன்னால் இருக்கும் 'மருந்துக்கு' என்பதை எங்கேயும் விடக் கூடாது.

சரி, இதில் நிரலாளருக்கு என்ன வேலை? ஈ.கோலி பாக்டீரியாவின் மரபுத்தொடரை, அதாவது அதன் டிஎன்ஏவை, எழுத்தாக எழுதினால் ஏறத்தாழ 46 லட்சம் எழுத்து. அதற்குள் மருந்தை முறிக்கும் மரபணு ஒளிந்திருக்கிறதா என்று கண்ணால் தேட முடியாது. தெரிந்த மரபணுக்களின் பட்டியலோடு ஒப்பிட நிரல் வேண்டும். ஆய்வகத் தட்டில் மருந்து வில்லையைச் சுற்றிக் கிருமி வளராத வட்டத்தை மில்லிமீட்டரில் அளப்பார்கள். அதைக் கைபேசிப் படத்திலிருந்தே அளக்கவும் நிரல் எழுதலாம். ஒவ்வொரு மருத்துவமனையும் ஒவ்வொரு விதமாக எழுதி வைத்த முடிவுகளை ஒரே அச்சில் கொண்டுவருவதற்கே பாதி நேரம் போய்விடும். மருத்துவர், நுண்ணுயிரியலாளர், நிரலாளர் மூவரும் ஒரே மேசையில் இல்லாமல் இது நடக்காது. எழுதியதைப் பிறரும் எடுத்துப் பயன்படுத்தத் திறந்து வைத்தால்தான் பலன்.

இது போட்டியாக இருக்கவே வேண்டியதில்லை. கோடகன் கால்வாயிலும் பாளையங்கால்வாயிலும் பாசனம் செய்யும் ஊர்க்காரர்களுக்குக் குடிமராமத்து தெரியும்: தண்ணீர் வருவதற்குள் ஊர் கூடித் தூர் வாருவது. ஹேக்கத்தானின் உயிரும் கூடுவதில்தான் இருக்கிறது. அந்தச் சொல்லையே எடுக்கலாமா என்று யோசித்தேன். மராமத்து அரபியிலிருந்து வந்தது, பொருளும் பழுதுபார்ப்பதோடு நின்றுவிடும். ஆகவே 'நிரல்கூடல்'. நிரல் என்றால் வரிசை; கணினிக்குக் கொடுக்கும் கட்டளைகளின் வரிசைக்கும் அதுவே பெயர். நிரல்நிறை என்று இலக்கணத்தில் படித்த அதே நிரல். புணர்ச்சி விதிப்படி நிரற்கூடல் என்று வர வேண்டும். புதிய சொல் பிரித்துப் படிக்க எளிதாக இருக்கட்டும் என்று லகரத்தை விட்டுவைக்கிறேன்.

தம்பி மகளிடம் எழுதிக் கொடுத்தது: மருந்துக்குக் கேளாமை நிரல்கூடல். உள்ளே வரும் தொடர்களுக்கு, மருந்துக்குக் கேளாக் கிருமி, மருந்துக்குக் கேளா மரபணு. மருந்துக்குக் கட்டுப்படும் கிருமிக்குத் தனிச்சொல் எதுவும் தேடவில்லை. மருந்துக்குக் கேட்கும் கிருமி, அவ்வளவுதான்.