சக்கரத்தில் 22, கணக்கில் 64

"லாஸ் வேகாஸில் வெகுநேரம் பரிசு தராத ஸ்லாட் மெஷின் சீக்கிரமே கொட்டும் என்கிறார்களே, உண்மையா?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். உண்மையில்லை. காசு கட்டிச் சக்கரங்களைச் சுழலவிடும் இந்தச் சூதாட்ட இயந்திரத்தின் உள்ளே இருக்கும் சிப் இடைவிடாமல் சமவாய்ப்பு எண்களை உருவாக்கிக்கொண்டே இருக்கிறது. நீங்கள் பொத்தானை அழுத்தும் கணத்து எண்தான் முடிவு. முந்தைய ஆட்டத்தின் நினைவு அதற்குக் கிடையாது. ராசியான மெஷின், ராசியான நேரம் எல்லாம் வெறும் மூடநம்பிக்கை.

1890களில் சான் பிரான்சிஸ்கோவில் சார்லஸ் ஃபே செய்த 'லிபர்ட்டி பெல்' என்ற ஆரம்பகால ஸ்லாட் மெஷினில் மூன்று சக்கரங்கள். ஒவ்வொன்றிலும் பத்து நிறுத்தங்கள், அதாவது சக்கரம் வந்து நிற்கக்கூடிய இடங்கள். மொத்தம் 1,000 சேர்க்கைகள். ஆயிரத்தில் ஒருமுறை விழக்கூடிய பரிசைப் பெரிதாக வைத்தால் கடைக்காரர் திவால்தான். நிறுத்தங்களைக் கூட்டினால் சக்கரம் பூதாகரமாகிவிடும்.

இந்த முடிச்சை அவிழ்த்தவர் இங்கெ டெல்னெஸ் (Inge Telnaes) என்பவர். 1984இல் அவருக்குக் காப்புரிமை கிடைத்தது. எத்தனை எளிய யோசனை! கண்ணுக்குத் தெரியும் சக்கரத்தில் 22 நிறுத்தங்கள் இருக்கட்டும். சிப்புக்குள் 64 எண்கள் கொண்ட ஒரு பட்டியலை வைத்து, ஒவ்வொரு எண்ணையும் ஏதாவதொரு நிறுத்தத்துக்கு ஒதுக்கிவிடலாம். ஜாக்பாட் சின்னத்துக்கு ஒரே ஒரு எண், வெற்றிடங்களுக்கு நாலைந்து. பார்க்கிறவர் மனக்கணக்கில் ஜாக்பாட் 10,648இல் ஒன்று. உண்மையில் அது 2,62,144இல் ஒன்று. சக்கரம் அப்போது எதையும் தீர்மானிப்பதில்லை, ஏற்கெனவே வந்த முடிவைக் காட்டுகிறது, அவ்வளவுதான்.

அடுத்த படி இன்னும் நுட்பமானது. ஜாக்பாட்டுக்கு நேர் மேலும் கீழும் உள்ள வெற்றிடங்களுக்கு ஐந்தைந்து எண்கள் கொடுத்தால், அந்தச் சின்னம் வெற்றியைக் காட்டும் நடுக்கோட்டில் நிற்பதைப்போலப் பத்து மடங்கு தடவை கோட்டை உரசி நிற்கும். 'மயிரிழையில் போச்சே' என்று மனசு துடிக்கும். இப்படி மயிரிழையில் தவறும்போதும், பரிசு கிடைத்தால் கிளர்ச்சியடையும் மூளைப் பகுதிகள் கிளர்ச்சியடைவதை 2009இல் கேம்பிரிட்ஜின் லூக் கிளார்க் குழு காட்டியது. இவ்வளவு அழகான கணிதம் மனிதர்களின் பையைக் காலிசெய்யப் பயன்படுவதில் எனக்கு வருத்தம் உண்டு.

லாஸ் வேகாஸ் இருக்கும் நெவாடா மாநில விதிப்படி மெஷின் நீண்டகால சராசரியில் குறைந்தது 75% திருப்பித் தர வேண்டும். 95% தரும் மெஷின் என்றே வையுங்கள். டாலருக்கு ஓர் ஆட்டம், மணிக்கு 600 ஆட்டம் என்றால் பந்தயம் 600 டாலர். சராசரி இழப்பு 30 டாலர். கையில் கொண்டுபோன பணத்தில் 5% அல்ல, சுழற்றிய அத்தனை பணத்திலும் 5%. ஆகவே, ஆடித்தான் தீருவேன் என்பவர் பந்தயத்தைச் சிறிதாக்கி, நிதானமாக ஆடினால் அந்த 30 டாலர் பாதியாகும், கால்வாசியும் ஆகும். இழப்பு என்பது மட்டும் மாறாது.