ஆட்டோஃபில்: மேற்படியா, நிரையா?

குடியாத்தத்தில் லுங்கித் தறி, பீடி, தீப்பெட்டி வேலை செய்யும் வீடுகளிலிருந்து சாயங்காலம் கணினி கற்க வரும் பிள்ளைகளுக்கு விரிதாள் (ஸ்ப்ரெட்ஷீட்) சொல்லிக்கொடுக்கிறேன். மூன்றாம் நாளோ நான்காம் நாளோ ஒரு குரல் தவறாமல் வரும். "அண்ணா, இழுத்தா நம்பர் ஓடுதுண்ணா." அதே நேரத்தில் பக்கத்து நாற்காலியிலிருந்து இன்னொரு குரல். "எனுக்கு ஓடவே மாட்டேங்குது, இன்னா பண்றது?"

ஓட வேண்டாம் என்று நினைத்தவளுக்கு எண் 1, 2, 3 என்று ஓடுகிறது, ஓட வேண்டும் என்று நினைத்தவனுக்கு அது நகரவில்லை. இருவரும் செய்தது ஒரே காரியம்தான். அவள் கணினியில் லிப்ரெஆபிஸ் கால்க், அவன் கணினியில் எக்செல். இரண்டும் விரிதாள் மென்பொருள்கள். ஒரு கட்டத்தை இழுத்து அடுத்த கட்டங்களை நிரப்பும் இந்த வசதிக்கு இரண்டிலும் பெயர் ஆட்டோஃபில். குழப்பத்தில் பாதி மென்பொருளில் இருக்கிறது, மீதிப் பாதி இந்தப் பெயரிலேயே இருக்கிறது என்பது என் எண்ணம்.

விரிதாளில் ஒரு கட்டத்தைத் தேர்ந்தெடுத்தால் அதன் வலது கீழ் மூலையில் சின்னதாக ஒரு சதுரம் தெரியும். எக்செல்லில் சுட்டியை அதன் மேல் கொண்டுபோனால் கறுப்புக் கூட்டல் குறியாக மாறும். பிடித்துக் கீழே இழுத்தால், இழுத்த இடமெல்லாம் நிரம்பும். அந்தச் சதுரத்தை ஆங்கிலத்தில் ஃபில் ஹேண்டில் என்பார்கள். எங்கள் பிள்ளைகளுக்கு அது 'பிளஸ்'. "பிளஸ் வந்துச்சா? இழு." கைப்பிடி என்று சொல்லிப் பார்த்தேன், கதவும் குடையும்தான் அவர்கள் மனதில் வந்தன. மூலைப்பிடி என்றதும் புரிந்துகொண்டார்கள். எங்கே இருக்கிறது, என்ன செய்ய வேண்டும் என்று இரண்டையும் அந்தச் சொல்லே சொல்லிவிடுகிறது.

ஆட்டோ என்பது கிரேக்க மொழியில் 'தான்' என்று பொருள்படும் ஆட்டோஸ் என்ற சொல்லிலிருந்து வந்தது. ஃபில் பழைய ஆங்கில வினைச்சொல், காலியாக இருப்பதை நிறைப்பது என்று பொருள். சரி, எதைக் கொண்டு நிறைப்பது? அதே பொருளாலா, அடுத்த பொருளாலா? அதைப் பற்றி அந்தச் சொல்லில் ஒன்றுமே இல்லை.

இந்த இரண்டு வேலைகளுக்கும் முதலில் வேறு வேறு பெயர்கள்தான் இருந்தன. டான் பிரிக்லினும் பாப் ஃபிராங்ஸ்டனும் உருவாக்கி 1979-இல் ஆப்பிள் 2 கணினிக்கு வெளிவந்த விசிகால்க் என்ற விரிதாள் மென்பொருளில் ஒரு கட்டத்தில் இருப்பதைப் பல கட்டங்களுக்குக் கொண்டுபோகும் கட்டளைக்குப் பெயர் ரெப்ளிகேட், அதாவது படியெடு. சூத்திரத்தை, அதாவது ஃபார்முலாவை, படியெடுக்கும்போது அது ஒவ்வொரு கட்டத்தின் பெயரையும் காட்டி நம்மைக் கேட்கும்: இது மாறாமல் இருக்கட்டுமா, இடத்துக்கு ஏற்ப நகரட்டுமா? மாற வேண்டாம் என்றால் 'என்' விசை, நகரட்டும் என்றால் 'ஆர்' விசை. நேரம் பிடிக்கும் வேலைதான். ஆனால் அந்த மென்பொருள் நம்மைக் கேட்டுவிட்டுத்தான் செய்தது.

1983-இல் வந்த லோட்டஸ் 1-2-3 என்ற விரிதாளில் படியெடுப்பது காப்பி என்ற கட்டளை. தொடர் எண்களுக்கு டேட்டா ஃபில் என்று தனிக் கட்டளை. அது தொடக்கம் என்ன, எவ்வளவு கூட்ட வேண்டும், எதில் முடிய வேண்டும் என்று மூன்று கேள்வி கேட்கும். ஆக, அங்கே ஃபில் என்றாலே தொடர். எக்செல்லிலோ ஃபில் டவுன் என்றால் மேலே இருப்பதை அப்படியே கீழே போடுவது. ஒரே சொல், எதிரெதிரான இரண்டு வேலைகள். 1992-இல் எக்செல் 4 ஆட்டோஃபில்லைக் கொண்டுவந்தபோது இரண்டும் ஒரே இழுப்புக்குள் போய்ச் சேர்ந்தன. கேள்வி மறைந்து ஊகம் வந்தது. இன்று நாம் கன்ட்ரோல் விசையை அழுத்திக்கொண்டு இழுப்பதெல்லாம் அந்த ஊகத்தைத் திருத்தத்தான்.

இப்போது தமிழுக்கு வருவோம். தானியங்கு நிரப்பல், தானே நிரப்புதல் என்றெல்லாம் எழுதுகிறார்கள். பிழையில்லை. ஆனால் ஆங்கிலச் சொல்லில் இருக்கும் ஓட்டை அப்படியே தமிழுக்கும் வந்துவிடுகிறது. சுருக்கி ஒட்டிப் பார்த்தால் வேறொரு சிக்கல். தேன், நன்று என்பவை சேர்ந்து தேனன்று ஆவதுபோல, தான் என்பதோடு நிரப்பி சேர்ந்தால் தானிரப்பி என்றாகும். படிப்பவருக்கு அது தான் இரப்பவர் என்று தோன்றும். இன்னொன்றும் உண்டு. நிரப்பு என்ற பெயர்ச்சொல்லுக்குப் பழைய தமிழில் வறுமை என்றும் பொருள். "நெருப்பினுள் துஞ்சலும் ஆகும் நிரப்பினுள் யாதொன்றும் கண்பாடு அரிது" என்கிறது 1049-ஆம் குறள். நெருப்புக்குள்கூடத் தூங்கிவிடலாம், வறுமைக்குள் கண் மூட முடியாது. இன்றைக்கு நிரப்பு என்றால் யாரும் வறுமையை நினைக்கப்போவதில்லை, அதனால் வினைச்சொல்லாக அதை வைத்துக்கொள்ளலாம். நிரம்பு என்பதன் பிறவினை நிரப்பு. திரும்பு, திருப்பு போல.

அந்தக் குடும்பத்திலேயே இன்னும் பொருத்தமான ஒரு சொல் இருக்கிறது: நிரை. நிரல், நிரவு, நிரம்பு, நிரை எல்லாம் உறவுச் சொற்கள். நிரை என்றால் வரிசை, நிரைத்தல் என்றால் வரிசையாக வைத்தல், ஒழுங்காகப் பரப்புதல். மாட்டு மந்தையைச் சங்கப் பாட்டு ஆநிரை என்கிறது. பழைய வட ஆற்காட்டுச் செங்கம் பகுதியில் மந்தையை மீட்கப்போய் மாண்ட வீரர்களுக்கு நட்ட கற்கள் நிறைய உண்டு. அந்தக் கல்வெட்டுகளில் மந்தைக்குத் தொறு என்ற சொல் வரும், நிரை என்பது பாட்டில் வாழ்ந்த சொல். இலங்கைத் தமிழர்கள் அட்டவணையின் கிடைவரிசையை இன்றும் நிரை என்றுதான் சொல்கிறார்கள். 1, 2, 3 என்று எண்களை அடுத்தடுத்து வைக்கும் வேலைக்கு நிரைத்தல் என்பதைவிட நல்ல சொல் எனக்குத் தெரியவில்லை.

மற்ற வேலைக்கு, அதாவது மேலே இருப்பதையே கீழும் போடுவதற்கு, சொல் தேட வேண்டியதே இல்லை. மேற்படி என்பது நம் கணக்குப் புத்தகங்களில் ஏற்கெனவே இருக்கிறது. அதற்கென்று ஒரு குறியே உண்டு: ௸. நாள், மாதம், வருடம், பற்று, வரவு ஆகியவற்றின் குறிகளோடு இதுவும் 2003-இல் ஒருங்குறியின் (யூனிகோடு) 4.0 பதிப்பில் சேர்க்கப்பட்டது. பழைய நிலப் பத்திரங்களைப் புரட்டினால் மேற்படி சொத்து, மேற்படியார் என்று பக்கத்துக்குப் பக்கம் வரும். ஒரே ஊர்ப்பெயரைப் பத்து வரியில் எழுதச் சலித்த கணக்குப்பிள்ளை முதல் வரியில் ஊரை எழுதிவிட்டுக் கீழே ௸ போட்டுக்கொண்டே போவார். கன்ட்ரோல் விசையோடு டி விசையை அழுத்துகிறோமே, அந்த வேலை இதுதான்.

ஆகவே என் வகுப்பில் பொதுப்பெயர் இழுத்து நிரப்பல். அதற்குள் இரண்டு வகை, ஒன்று மேற்படி, இன்னொன்று நிரை. இழுக்கும் முன்பே இது மேற்படியா நிரையா என்று பிள்ளைகள் தங்களையே கேட்டுக்கொள்ள வேண்டும். விசிகால்க் கேட்ட கேள்வியை இப்போது நாமே கேட்டுக்கொள்கிறோம், அவ்வளவுதான்.

இதில் நான் இவ்வளவு பிடிவாதமாக இருப்பதற்கு ஒரு காரணம் உண்டு. சில வருடங்களுக்கு முன்னால் ஒரு துணிக்கடைக்காக வேலூரின் பழைய ஊர்த் தெரு ஒன்றில் இருக்கும் 40 வாடிக்கையாளர்களின் முகவரிப் பட்டியலைத் தயாரித்தேன். எல்லாருக்கும் ஒரே அஞ்சல் குறியீடு, 632001. முதல் கட்டத்தில் அடித்துவிட்டுக் கால்க்கில் கீழே இழுத்தேன். 632002, 632003, 632004 என்று அது நிரைத்துக்கொண்டே போனது. நான் கவனிக்கவில்லை. உறைகளில் முகவரி ஒட்டி அனுப்பியும் ஆயிற்று. அப்புறம் கடிதங்கள் தாமதமாகப் போய்ச் சேர்ந்தன என்று ஒவ்வொருவராகச் சொன்னபோதுதான் பட்டியலைத் திறந்து பார்த்தேன்.

ஏன் என் கண்ணில் படவில்லை என்று பிறகு நெடுநேரம் யோசித்தேன். அந்த எண்கள் பொய்யாகத் தெரியவில்லை. 632002 பாகாயம். 632004 சி.எம்.சி. மருத்துவமனை. 632006 காந்தி நகர். 632014 வி.ஐ.டி. எல்லாமே நம் ஊர்க்காரர் தினமும் பார்க்கும் எண்கள்தான். 999999 என்று வந்திருந்தால் உடனே துணுக்குற்றிருப்பேன். தப்பான விடை சரியான விடையைப் போலவே தோற்றம் கொண்டிருந்தால் யார் கண்ணும் ஏமாறும்.

2019-இல் வேலூர் மாவட்டத்திலிருந்து ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிந்த பிறகு, பழைய பட்டியல் வைத்திருந்தவர்கள் எல்லாரும் மாவட்டப் பெயரை மாற்ற வேண்டியிருந்தது. அது மேற்படி வேலை. ஊர்ப்பெயரில் எண் இல்லாததால் இழுத்தாலும் அப்படியே வரும், ஆபத்தில்லை. எண் கலந்த இடத்தில்தான் கவனம் வேண்டும். வார்டு 12 என்று எழுதி இழுத்தால் வார்டு 13 என்றாகும். புல எண் 12/4 என்று எழுதினால் நாள் முன்னால் வரும் தேதி அமைப்பில் பெரும்பாலும் அதை ஏப்ரல் 12 என்ற தேதியாகவே எடுத்துக்கொள்ளும், இழுத்தால் ஏப்ரல் 13. அந்தப் பத்தியை, அதாவது நெடுவரிசையை, முன்கூட்டியே உரை (டெக்ஸ்ட்) என்று மாற்றி வைத்தால் தேதித் தொல்லை போகும், ஆனால் இழுத்தால் கடைசி எண் நகர்ந்து 12/5 வந்து நிற்கும். அது பக்கத்து நிலமாக இருக்கலாம். பட்டா விவரம் பதிவு செய்பவர்கள் இதைக் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும்.

கால்க்கில் மூலைப்பிடியை இழுத்தால் எண்கள் நிரையாக வரும், கன்ட்ரோலை அழுத்திக்கொண்டு இழுத்தால் மேற்படி. எக்செல்லில் தனி எண்ணை இழுத்தால் மேற்படி, கன்ட்ரோலோடு இழுத்தால் நிரை. ஆனால் அதே எக்செல்லில் தேதியோ, வார்டு 12 போல எழுத்தோடு சேர்ந்த எண்ணோ இருந்தால் எல்லாம் தலைகீழ்: சும்மா இழுத்தால் நிரை, கன்ட்ரோலோடு மேற்படி. இதை மனப்பாடம் செய்யச் சொல்லி யாரையும் நான் வற்புறுத்துவதில்லை. எந்த மென்பொருளானாலும் மேற்படி வேண்டும் என்றால் இழுக்கவே வேண்டாம். ஒரு கட்டத்தை நகலெடுத்து, போக வேண்டிய கட்டங்கள் முழுவதையும் தேர்ந்தெடுத்து ஒட்டினால் எண் நகராது. எக்செல்லில் வலது பொத்தானை அழுத்திக்கொண்டு இழுத்துவிட்டால், நகலா தொடரா என்று பட்டியல் போட்டு அதுவே கேட்கும். எனக்கு மிகவும் பிடித்த வழி அது. மூலைப்பிடியே வேண்டாம் என்பவர்கள் எக்செல்லின் ஆப்ஷன்ஸில் அட்வான்ஸ்ட் பகுதிக்குப் போய் அதை நிறுத்திவிடலாம். நான் நிறுத்தவில்லை.

சூத்திரத்துக்கும் இதே இரண்டு சொற்கள் உதவுகின்றன. ஒரு லுங்கியின் கூலி பி1 கட்டத்தில் இருக்கிறது, ஒவ்வொருவரும் நெய்த லுங்கிகளின் எண்ணிக்கை ஏ3 முதல் கீழே இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஏ3-ஐ பி1-ஆல் பெருக்கிக் கீழே இழுத்தால் அடுத்த வரியில் ஏ4 பெருக்கல் பி2 என்றாகிவிடும். பி2 காலி, கூலி சுழியம். பி1 மேற்படியாக நிற்க வேண்டும், ஏ3 நிரையாக நகர வேண்டும். அதற்குத்தான் $பி$1 என்று டாலர் குறி போடுகிறோம். குறி போட்டது மேற்படி, போடாதது நிரை என்று சொன்னதும் தறிக்காரர் வீட்டுப் பிள்ளைகள் சட்டென்று பிடித்துக்கொண்டார்கள்.

நாம் ஒரு எழுத்து அடித்ததும் மீதியை அதுவே முடித்துத் தருகிறதே, அதையும் சிலர் ஆட்டோஃபில் என்கிறார்கள். அது வேறு. கால்க்கில் அதன் பெயர் ஆட்டோஇன்புட், தமிழில் சொல் முடிப்பு என்றால் போதும். ஆம்பூர் ஏற்கெனவே பத்தியில் இருந்தால், ஆற்காடு என்று அடிக்க ஆரம்பிக்கும்போதே ஆம்பூர் வந்து நிற்கும். ஆரணியும் ஆலங்காயமும் இருக்கிற நம் பக்கத்தில் இது நிறையவே தொந்தரவு. கால்க்கில் டூல்ஸ் பட்டியலுக்குள் அதை நிறுத்தலாம்.

நிரைக்கு எண் மட்டும்தான் உதவும் என்றில்லை. கிழமைகளும் ஆங்கில மாதங்களும் மென்பொருளிலேயே இருக்கின்றன. எக்செல்லின் கஸ்டம் லிஸ்ட், கால்க்கின் சார்ட் லிஸ்ட் ஆகியவற்றில் நமக்கு வேண்டியதை நாமே சேர்க்கலாம். முதல் வகுப்பிலேயே சித்திரை முதல் பங்குனி வரை பன்னிரண்டையும் சேர்க்கச் சொல்லிவிடுவேன். அப்புறம் தை என்று ஒரு கட்டத்தில் எழுதி இழுத்தால் மாசி, பங்குனி, அதன் கீழே மறுபடியும் சித்திரை.