‘கைபா’வின் சிப்பும் மூளையின் நினைவும்

மனிதரின் நினைவுகளை ஒரு சிறு சிப்பில் சேமித்து, அந்தச் சிப்பை வேறோர் உடலில் பொருத்திவிடலாம் என்பதே ‘கைபா’ என்னும் அனிமே தொடரின் அடிப்படை. மசாகி யுவாசா இயக்க, மேட்ஹவுஸ் நிறுவனம் தயாரித்த இத்தொடர் 2008-ஆம் ஆண்டு ஜப்பானில் 12 பகுதிகளாக ஒளிபரப்பானது. நெஞ்சில் ஒரு துளையோடும், ஒரு பெண்ணின் படம் வைத்த பதக்கத்தோடும் கண் விழிக்கும் கைபா என்பவன், தான் யாரென்றே தெரியாமல் உடல் விட்டு உடல் மாறியபடி பயணம் செய்கிறான். பணம் படைத்தவர்கள் பிறர் உடல்களை வாங்கி வாழ்நாளை நீட்டிக்கொள்ள, இல்லாதவர்கள் தங்கள் உடலை விற்கிறார்கள். இவ்வளவு கொடுமையும் சிறுவர் படக்கதைக்குரிய உருண்டையான எளிய கோடுகளில் வரையப்பட்டிருப்பதால், பார்ப்பவர் மனம் இருமடங்கு கனக்கிறது.

நினைவு எங்கே போகிறதோ அங்கேதான் ஆளும் போகிறார் என்ற எண்ணம் புதிதல்ல. ஓர் இளவரசனின் நினைவுகள் செருப்புத் தைக்கும் தொழிலாளியின் உடலுக்குள் புகுந்தால் அவர் யார் என்று ஆங்கிலத் தத்துவ அறிஞர் ஜான் லாக் 1694-லேயே கேட்டு, அவர் இளவரசனே என்று விடையும் சொல்லிவிட்டார். லாக்குக்கும் சரி, யுவாசாவுக்கும் சரி, நினைவு என்பது உடலிலிருந்து கழற்றி எடுக்கக்கூடிய சரக்கு. மூளை ஆய்வு இடிப்பது இந்த இடத்தில்தான்.

மனித மூளையில் சுமார் 8,600 கோடி நரம்பணுக்கள் உள்ளன. ஒரு நிகழ்வை நாம் அனுபவிக்கும்போது அவற்றுள் சில சேர்ந்து இயங்குகின்றன. சேர்ந்து இயங்கியவற்றுக்கு இடையிலான இணைப்புகள் வலுப்பெறுகின்றன. டிமோதி பிளிஸ், டெர்யே லோமோ ஆகிய இருவரும் முயல் மூளையில், நினைவு உருவாக உதவும் ஹிப்போகாம்பஸ் பகுதியில் இப்படி வலுப்பெற்ற இணைப்பு மணிக்கணக்கில் அப்படியே நீடிப்பதை 1973-இல் வெளியிட்ட ஆய்வில் காட்டினார்கள். ஆக, நினைவு என்பது நரம்பணுக்களுக்குள் ஊற்றி வைக்கப்பட்ட ஒன்றன்று. அவற்றின் இணைப்பில் ஏற்பட்ட மாற்றமே நினைவு. ஆள் நடந்து நடந்து விழுந்த ஒற்றையடிப் பாதையை மட்டும் பெயர்த்தெடுத்து வேறொரு வயலில் கொண்டுபோய் வைக்க முடியாததைப் போல, நினைவை மட்டும் தனியே உருவி எடுக்கவும் வழியில்லை.

அப்படியானால் ஒரு நினைவைத் தொடவே முடியாதா என்றால், முடியும். அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் சுசுமு தோனேகாவாவின் ஆய்வுக்கூடம் 2013-இல் வெளியிட்ட சோதனை இதற்குச் சான்று. ஒளி பட்டால் நரம்பணுவை இயக்கும் புரதம் ஒன்று பாசியிலிருந்து கிடைக்கிறது. எலி ஒரு கூண்டைச் சுற்றிப் பார்க்கும்போது அதன் ஹிப்போகாம்பஸில் எந்த நரம்பணுக்கள் இயங்கினவோ அவற்றில் மட்டும் இந்தப் புரதம் உருவாகும்படி மரபணு மாற்றத்தின் வழியே ஏற்பாடு செய்தார்கள். முதல் கூண்டில் எலிக்கு ஒரு தீங்கும் நேரவில்லை. மறுநாள் அதை முற்றிலும் வேறான இரண்டாவது கூண்டில் விட்டு, மெல்லிய ஒளியிழை வழியாக மூளைக்குள் நீல ஒளியைச் செலுத்தி முதல் கூண்டின் நினைவைக் கிளப்பியபடியே, காலில் சிறு மின்னதிர்ச்சி கொடுத்தார்கள். பிறகு முதல் கூண்டுக்கே திரும்பிய எலி, அங்கே நடந்தே இராத அதிர்ச்சிக்கு அஞ்சி அசையாமல் உறைந்து நின்றது. பழக்கமில்லாத மூன்றாவது கூண்டில் அந்த அச்சம் தென்படவில்லை.

பொய் நினைவொன்றைப் புகுத்திவிட்டார்கள் என்று செய்தித்தாள்கள் அப்போது கொண்டாடின. கொண்டாட்டம் நியாயமானதே, ஆனால் ‘கைபா’வின் சிப்புக்கு இது உதவாது. ஆய்வாளர்கள் கிளப்பியது அந்த எலியின் மூளையில், அந்த எலியே உருவாக்கிக்கொண்ட நினைவை. அதே கூண்டைப் பார்த்த இன்னொரு எலியின் மூளையில் வேறு அணுக்கள், வேறு இணைப்புகளோடு இயங்கியிருக்கும். ஓர் அணு பல நினைவுகளில் பங்கெடுப்பதால், ஒன்றைத் தனியே பிரித்து நகலெடுப்பதும் இயலாது. குரோனிகோ என்ற சிறுமி குடும்பத்தின் வறுமைக்காக உடலை விற்றுவிட, அவள் உடலுக்குள் கைபா குடியேறுகிறான். மெய்யான உலகில் இது நடக்க, அவள் மூளையின் இணைப்புகள் அனைத்தையும் அழித்துக் கைபாவின் மூளையாகவே திரும்பக் கட்டவேண்டியிருக்கும்.

சிப்பில் தவறும் தொடர், பிறர் நினைவுக்குள் நுழையும் காட்சிகளில் வியப்பூட்டும் அளவுக்கு மூளையை நெருங்குகிறது. குரோனிகோவை விற்க இசைந்த அத்தையின் நினைவுக்குள் கைபா நுழைந்து பார்க்கும்போது, அவர் தமக்கே தெரியாமல் புதைத்து வைத்திருந்த பாசம் வெளிப்படுகிறது. நினைவுகூர்வது என்பது பதிவை அப்படியே ஓட்டிப் பார்ப்பதல்ல என்பதற்கு ஆய்வுச் சான்றும் உண்டு. 2000-ஆம் ஆண்டில் கரீம் நாதெர், கிளென் ஷாஃபே, ஜோசஃப் லெடூ ஆகியோர், ஓர் ஒலியைக் கேட்டாலே மின்னதிர்ச்சியை எதிர்பார்த்து அஞ்சும்படி எலிகளைப் பழக்கினார்கள். அந்த ஒலியை மறுபடி கேட்கச் செய்த உடனே, அச்சத்துக்குரிய அமிக்டலா பகுதியில் புரத உற்பத்தியைத் தடுக்கும் மருந்தைச் செலுத்தியபோது, பின்னர் அச்சம் வெகுவாகக் குறைந்துவிட்டது. ஒலியைக் கேட்கச் செய்யாமல் மருந்து மட்டும் கொடுத்தபோது அச்சம் குறையவில்லை. நினைவுகூரப்படும் நேரத்தில் நினைவு இளகி, மீண்டும் இறுக வேண்டியிருக்கிறது. மாற்றங்கள் நுழைவது அந்த இடைவெளியில்.

இனி, நினைவு போனால் ஆளே போய்விடுவாரா? ஹென்றி மொலேசன் என்ற அமெரிக்கருக்கு 1953-இல், வலிப்பைக் கட்டுப்படுத்த, ஹிப்போகாம்பஸின் பெரும்பகுதி இருபுறமும் அகற்றப்பட்டது. அதற்குப் பின் 2008-இல் இறக்கும் வரை நடந்தவற்றை அவரால் ஏறக்குறைய நினைவில் நிறுத்தவே முடியவில்லை. ஆனால் அவரை ஆராய்ந்த உளவியலாளர் பிரெண்டா மில்னர், கண்ணாடியில் தெரியும் தம் கையை மட்டும் பார்த்து நட்சத்திர வடிவத்தை வரையச் சொன்னபோது, நாளுக்கு நாள் அவர் கை தேர்ந்துகொண்டே வந்தது. முந்தைய நாள் வரைந்ததோ அவருக்கு நினைவில்லை. கைத்திறன் வேறு மூளைப்பகுதிகளைச் சார்ந்திருப்பதே காரணம். அவருடைய மென்மையான சுபாவமும் நகைச்சுவையும் மாறவில்லை. லாக் இதற்கு என்ன சொல்லியிருப்பார் என்று தெரியவில்லை. தன்னை மறந்த பின்னும் கைபாவைக் கைபாவாகவே நடத்தும் யுவாசா மொலேசனின் பக்கம்தான் நிற்கிறார்.

நினைவு மாற்றத்துக்கு மிக அருகில் வந்த சோதனை கடல் முயல் எனப்படும் அப்ளீசியா என்ற கடல் நத்தையில் நடந்தது. கலிஃபோர்னியாவில் டேவிட் கிளான்ஸ்மன் குழு 2018-இல், வாலில் மின்னதிர்ச்சி வாங்கிப் பழகிய கடல் முயல்களின் நரம்புகளிலிருந்து, மரபணுவின் செய்தியைச் சுமக்கும் மூலக்கூறான ஆர்.என்.ஏ.வை எடுத்துப் பழகாதவற்றுக்குச் செலுத்த, அவையும் தொட்டவுடன் நெடுநேரம் சுருங்கி நின்றன. கடந்து வந்தது ஓர் எச்சரிக்கை உணர்வுதானே ஒழிய நினைவன்று என்று மற்ற ஆய்வாளர்கள் வாதிட்டார்கள். நினைவு இணைப்புகளில் உள்ளதா, நரம்பணுவின் உட்கருவிலா என்ற வழக்கை அது கிளப்பிவிட்டது.