உதடு முந்தினால் பரவாயில்லை

ஒரே போன், ஒரே ப்ளூடூத் இயர்போன். படம் பார்க்கும்போது வசனமும் வாயசைப்பும் கச்சிதமாகப் பொருந்துகின்றன. அதை மூடிவிட்டு ஒரு கேமைத் திறந்தால், சுட்டு முடித்த பிறகுதான் துப்பாக்கிச் சத்தம் காதுக்கு வருகிறது. இயர்போனுக்குக் கேம் என்றால் மட்டும் சோம்பலா? இரண்டிலும் அது ஒரே அளவுதான் தாமதிக்கிறது. படம் ஓடும்போது அந்தத் தாமதம் நம் கண்ணுக்குப் படாமல் மறைக்கப்படுகிறது, அவ்வளவுதான்.

வீடியோ பிளேயர் மென்பொருளில் சில வருடங்கள் குப்பை கொட்டியிருக்கிறேன். படத்தையும் சத்தத்தையும் ஒன்றாக ஓட வைப்பது என்பது, பெரும்பாலும், முந்தி வருவதைப் பிடித்து நிறுத்தி வைக்கும் வேலை. பிந்தி வருவதை யாராலும் வேகப்படுத்த முடியாது.

ப்ளூடூத்தையே எடுத்துக்கொள்வோம். போன் சத்தத்தைச் சுருக்கி, சின்னச் சின்னப் பொட்டலங்களாக்கி, 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையில் அனுப்புகிறது. வைஃபையும் அங்கேதான் உலவுகிறது, மைக்ரோவேவ் அடுப்பின் கசிவும் அங்கேதான். வழியில் சில பொட்டலங்கள் கெட்டுப்போகும், திரும்ப அனுப்ப வேண்டும். அதற்குள் காதில் சத்தம் அறுந்துவிடக் கூடாதே என்று இயர்போன் எப்போதும் கொஞ்சம் கையிருப்பு வைத்துக்கொண்டுதான் ஒலிக்கத் தொடங்குகிறது. எல்லாம் சேர்த்து 150, 200 மில்லி நொடி போவது சகஜம். ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு.

படம் ஓட்டும் செயலி இந்தத் தாமதம் எவ்வளவு என்று போனிடம் கேட்டுத் தெரிந்துகொள்கிறது. 180 மில்லி நொடி என்று பதில் வந்தால், படத்தின் ஒவ்வொரு ஃபிரேமையும் (ஓடும் படத்தில் ஒரு நிலைப்படம்) 180 மில்லி நொடி பிடித்து வைத்துக் காட்டுகிறது. பிளே பட்டனை அமுக்கியதும் படம் துளியூண்டு தாமதமாகத் தொடங்குவதை யார் கவனிக்கப்போகிறார்கள்? கேமில் இந்த வித்தை பலிக்காது. நீங்கள் எப்போது சுடுவீர்கள் என்று செயலிக்கு முன்கூட்டித் தெரியாது. படத்தை நிறுத்தி வைத்தால், விரல் பட்டு வெகுநேரம் கழித்து ஆள் குதிப்பான். அதற்குச் சத்தம் பிந்துவதே மேல்.

பிடித்து வைப்பதற்கு ஒரு கணக்கு வேண்டும் அல்லவா? வீடியோவின் ஒவ்வொரு ஃபிரேமிலும், சத்தத்தின் ஒவ்வொரு துண்டிலும், எப்போது வெளியே வர வேண்டும் என்ற எண் ஒட்டப்பட்டிருக்கும். வீடியோவையும் சத்தத்தையும் சுருக்கிப் பொதியும் எம்பெக் முறையில் ஒரு நொடியை 90,000 துளிகளாக வெட்டி எண்ணுகிறார்கள். நொடிக்கு 24 ஃபிரேம் ஓடும் படத்தில், அடுத்தடுத்த ஃபிரேம்களின் எண்களுக்கு இடையே 3,750 துளி. ஏஏசி என்ற முறையில் சுருக்கிய சத்தத்தின் ஒரு துண்டு, 48 கிலோஹெர்ட்ஸில் (நொடிக்கு 48,000 மாதிரிகள்), 1,920 துளி. பிளேயர் தான் செய்வதையெல்லாம் எண்களாகத் துப்பும் லாக் கோப்பை வெறித்துப் பார்த்துக்கொண்டு நான் கழித்த ராத்திரிகளில் இந்த இரண்டு எண்களும் மனப்பாடமாகிவிட்டன.

சரி, எண் இருக்கிறது. எந்தக் கடிகாரத்தை வைத்து அதைச் சரிபார்ப்பது? இங்கேதான் விஷயம் சுவாரசியமாகிறது. சத்தத்தை வெளியேற்றும் சிப்புக்கு ஒரு கடிகாரம், திரைக்கு இன்னொன்று. இரண்டும் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. பத்து லட்சத்தில் 50 பங்கு வித்தியாசம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கேட்க ஒன்றுமில்லை போலத் தோன்றும். இரண்டு மணி நேரப் படம் முடியும்போது அது 0.36 நொடி ஆகியிருக்கும். ஆக, ஒன்று முதலாளி, மற்றது அதன் பின்னால் ஓட வேண்டும். பெரும்பாலான பிளேயர்களில் சத்தம்தான் முதலாளி. சத்தத்தில் ஒரு சின்னத் துண்டு விட்டுப்போனால்கூட ‘டப்’ என்று காதில் அறையும். ஒரு ஃபிரேமை இரண்டு தடவை காட்டினாலோ, ஒன்றை விழுங்கிவிட்டாலோ கண் பெருந்தன்மையாக விட்டுவிடும்.

எவ்வளவு பிசகினால் நமக்குத் தெரியும்? சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 1998இல் வெளியிட்ட பரிந்துரையில் இதற்கு எண்கள் இருக்கின்றன. சத்தம் படத்துக்கு முன்னால் வந்தால் 45 மில்லி நொடியிலேயே கண்டுபிடித்துவிடுகிறோம். பின்னால் வந்தால் 125 மில்லி நொடி வரை தெரிவதில்லை. இந்த ஓரவஞ்சனைக்குக் காரணம் தேடி எங்கும் போக வேண்டாம். தூரத்தில் ஒருவர் விறகு பிளக்கிறார். கோடாலி இறங்குவது முதலில் தெரியும், சத்தம் அப்புறம். நொடிக்கு 343 மீட்டர்தான் ஒலியின் வேகம், 34 மீட்டர் தள்ளி நின்றாலே 100 மில்லி நொடி போய்விடும். ஒலி பிந்தி வருவது மூளைக்குப் பழகிய சங்கதி. கோடாலி இறங்குமுன் சத்தம் கேட்பது உலகத்தில் நடக்காத ஒன்று.

நடக்காததை என் வீட்டில் நடத்திக் காட்டியது புது டிவி. செட்டாப் பெட்டியிலிருந்து வரும் கேபிளை முதலில் சவுண்ட்பாரில் (டிவிக்குக் கீழே வைக்கும் நீள ஸ்பீக்கர்) செருகி, அங்கிருந்து டிவிக்குக் கொண்டுபோயிருந்தேன். வாய் திறக்குமுன் வசனம் வந்துகொண்டிருந்தது. குற்றவாளி டிவியின் ‘அசைவை மென்மையாக்கும்’ வசதி. இரண்டு ஃபிரேம்களுக்கு நடுவே புதிதாக ஒன்றை வரைந்து செருகும் வேலை அது. நடுவில் வரைய வேண்டுமென்றால் அடுத்த ஃபிரேம் கைக்கு வந்தாக வேண்டும். 24 ஃபிரேம் படத்தில் அதற்கே 42 மில்லி நொடி காத்திருப்பு. வரையும் நேரம் தனி. சவுண்ட்பாரோ கிடைத்ததை உடனே பேசிவிடுகிறது. டிவி தன் தாமதத்தைச் சொல்லிவிட இந்தக் கேபிள் இணைப்புக்கான எச்டிஎம்ஐ விதிமுறையின், 2006இல் வந்த 1.3 பதிப்பிலேயே வழி வைத்திருக்கிறார்கள், ஆனால் என் இரண்டு சாமான்களும் பேசிக்கொள்வதாகத் தெரியவில்லை. அந்த வசதியை அணைத்தேன், தீர்ந்தது. (அது படத்தையெல்லாம் மலிவான சீரியல் போலக் காட்டும் என்பதால் எப்படியும் அணைத்திருப்பேன்.)

உங்கள் வீட்டில் சோதிக்க வேண்டுமானால், யாராவது ‘அப்பா’ என்றோ ‘அம்மா’ என்றோ சொல்லும் இடத்தைப் பாருங்கள். ப, ம இரண்டுக்கும் உதடு மூடியே தீர வேண்டும். மூடிய உதட்டிலிருந்து ‘ஆ’ வந்தால் பிசகு இருக்கிறது. விண்டோஸ் கணினியில் விஎல்சி பிளேயர் என்றால் ஜே, கே விசைகள் சத்தத்தை 50 மில்லி நொடியாக முன்னும் பின்னும் நகர்த்தும். சவுண்ட்பார் மெனுவில் ‘லிப் சிங்க்’ அல்லது ‘ஆடியோ டிலே’ என்று இருக்கும்.

எந்த மெனுவும் உதவாத ஓர் இடமும் உண்டு. ஒரு நாள் லேப்டாப்பில் மைக்கைச் செருகி, ப்ளூடூத் ஸ்பீக்கரில் கரோக்கி போட்டோம். நன்றாகப் பாடக்கூடிய அக்கா மகள் இரண்டாவது வரியிலேயே இழுத்து, திக்கி, நிறுத்திவிட்டாள். தன் குரலே ஐந்தில் ஒரு நொடி கழித்துக் காதுக்கு வந்தால் பேச்சு தடுமாறும் என்று 1950இலேயே பெர்னார்ட் லீ என்ற ஆய்வாளர் எழுதியிருக்கிறார். முந்தி வருவது இங்கே அவள் தொண்டை. அதை எந்த மென்பொருள் பிடித்து வைக்கும்? ஸ்பீக்கருக்கு வயர் போட்ட பிறகுதான் மீதிப் பாட்டைப் பாடினாள்.