சி.டி. ஸ்கேன் நார்மல் என்றால் பக்கவாதம் இல்லை என்று ஆகிவிடுமா?

வாய் கோணி, ஒரு பக்கக் கை தொங்கிப்போய், பேச்சு குழறி வருகிறவருக்கு நடக்கும் முதல் பரிசோதனை ஸ்கேன் அல்ல. கூட வந்தவரிடம் கேட்கும் ஒரு கேள்வி: "இவர் கடைசியாக நன்றாக இருந்ததை எத்தனை மணிக்குப் பார்த்தீர்கள்?"

"காலை 6 மணிக்குத்தான் வந்தது" என்று பதில் வரும். விசாரித்தால், 6 மணிக்கு எழுப்பும்போதே கை வரவில்லை என்பார்கள். அது கண்டுபிடித்த நேரம். இரவு 10:30 மணிக்குப் பேசிவிட்டுப் படுத்தவர் என்றால் கணக்கு 10:30 மணியிலிருந்துதான் ஓடும். ஆனால் நடுவில் 3 மணிக்கு அவர் எழுந்து பாத்ரூம் போய் வந்ததை வீட்டில் யாராவது பார்த்திருந்தால் கணக்கு 3 மணிக்கு மாறிவிடும். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை வழக்கமாக 4.5 மணி நேரத்துக்குள் போட வேண்டும். 7 மணிக்கு மருத்துவமனை வந்தவருக்கு, அந்த ஒரு தகவலால் அரை மணி நேரம் கையில் கிடைக்கிறது. அதனால் 108-இல் ஏறும்போது, நோயாளியைக் கடைசியாகப் பார்த்தவரும் கூட ஏறுவது நல்லது. அவர் வர முடியாவிட்டால் அவருடைய போன் நம்பராவது வேண்டும். சாப்பிடும் மாத்திரைகளை அட்டையோடு அப்படியே பையில் போட்டு எடுத்து வாருங்கள்.

அடுத்தது விரல் நுனியில் ஒரு குத்து. பக்கவாதம் வந்தால் பத்து விரலிலும் ஊசியால் குத்தி ரத்தம் வரவழைக்கச் சொல்லும் வாட்ஸ்அப் செய்தி இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. அதனால் ஒரு பயனும் இல்லை, நேரம்தான் போகும். பயனுள்ள குத்து குளூக்கோமீட்டருக்கானது. சர்க்கரை 50-க்கும் கீழே இறங்கினால் ஒரு பக்கம் செயலிழப்பது, பேச்சு குழறுவது எல்லாம் அச்சு அசலாகப் பக்கவாதம் போலவே வரும். குளூக்கோஸ் ஏறியதும் பலர் எழுந்து உட்கார்ந்துவிடுவார்கள். கரைக்கும் ஊசி போடும் முன் கட்டாயம் தெரிந்தாக வேண்டிய ரத்தப் பரிசோதனை இது ஒன்றுதான். வார்ஃபரின் போன்ற ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை சாப்பிடுகிறவருக்கு மட்டும், ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். முடிவுக்கும் காத்திருக்க வேண்டும், அது 1.7-ஐத் தாண்டினால் ஊசி கிடையாது. மாத்திரை அட்டையைக் கேட்பது இதற்காகத்தான்.

இதற்கிடையே கண் அசைவு, முகம், கை கால் பலம், உணர்ச்சி, பேச்சு என்று வரிசையாகப் பார்த்து 0 முதல் 42 வரை ஒரு மதிப்பெண் போடுவார்கள். நெற்றியைச் சுருக்கச் சொல்வதும் காரணத்தோடுதான். மூளையில் வரும் பக்கவாதத்தில் பெரும்பாலும் வாய் கோணினாலும் நெற்றி சுருங்கும். நெற்றியும் சுருங்காமல், கண்ணும் மூடாமல் போனால் அது முக நரம்பு வாதமாக இருக்கலாம். இந்தக் கணிப்பை மருத்துவரிடம் விட்டுவிடுங்கள்; வீட்டில் கண்ணாடி முன் நிறுத்தித் தீர்மானிக்கும் விஷயம் அல்ல.

பி.பி. 190, 200 என்று காட்டும், வீட்டார் பதறுவார்கள். கரைக்கும் ஊசிக்கு 185/110-க்குக் கீழே கொண்டுவர வேண்டும்; அதை அளவாக, நரம்பு வழி மருந்தால் செய்வோம். வரும் வழியில் நாக்குக்கு அடியில் பி.பி. மாத்திரை வைத்து மளமளவென்று இறக்குவது ஆபத்து. அடைப்புக்கு அப்பால் பாதி உயிரோடு இருக்கும் மூளைப் பகுதி அந்த அழுத்தத்தை நம்பித்தான் பிழைத்திருக்கிறது.

இனி தலைப்புக்கு வருவோம். பக்கவாதத்தில் பெரும்பான்மை ரத்தக்குழாய் அடைப்பால் வருவது. மீதி குழாய் வெடித்துக் கசிவதால். இரண்டையும் வெளியிலிருந்து பார்த்துப் பிரிக்க முடியாது, சிகிச்சையோ நேர் எதிர். கசிவு உள்ளவருக்குக் கரைக்கும் ஊசி போட்டால் உயிருக்கே ஆபத்து. வீட்டிலேயே ஆஸ்பிரின் கொடுக்கக் கூடாது என்பதும் இதனால்தான். சி.டி.யில் புது ரத்தம் வெள்ளையாகப் பளிச்சென்று உடனே தெரியும். அடைப்பால் மூளை பாதிக்கப்பட்ட இடம் கறுத்துத் தெரியப் பல மணி நேரம் ஆகலாம். ஆகவே முதல் மணி நேரங்களில் எடுக்கும் சி.டி. "பக்கவாதம் இருக்கிறதா?" என்ற கேள்விக்கானதே அல்ல; "ரத்தக்கசிவு இருக்கிறதா?" என்பதற்கானது. கை விழுந்தவருக்கு சி.டி. நார்மல் என்றால் ஊசி போட வழி திறந்திருக்கிறது என்று பொருள். அந்த ரிப்போர்ட்டைப் பிடித்துக்கொண்டு "ஒன்றும் இல்லையாம்" என்று வீட்டுக்குக் கிளம்பினால் அந்த வழி அடைபடும்.

"அப்படியானால் நேராக எம்.ஆர்.ஐ. எடுத்துவிடலாமே?" அடைப்பால் வரும் பாதிப்பு டிஃப்யூஷன் என்ற எம்.ஆர்.ஐ. படத்தில் சில நிமிடங்களிலேயே வெள்ளையாகத் தெரியும் என்பது உண்மைதான். ஆனால் சி.டி. சில நிமிட வேலை. எம்.ஆர்.ஐ.க்கு நேரம் கூடுதலாகும், நோயாளி அசையாமல் படுக்க வேண்டும், பேஸ்மேக்கர் போன்றவை உடலில் இருக்கிறதா என்று விசாரிக்க வேண்டும். எம்.ஆர்.ஐ. கைகொடுக்கும் இடங்கள் வேறு. தூக்கத்தில் வந்து நேரம் தெரியாத பக்கவாதம் அதில் ஒன்று. டிஃப்யூஷனில் பாதிப்பு தெரிந்து, ஃபிளேர் என்ற இன்னொரு படத்தில் அது இன்னும் தெரியவில்லை என்றால், வந்து அதிக நேரம் ஆகவில்லை என்று ஊகித்து ஊசிக்கு வாய்ப்பு தேடலாம். தலைசுற்றலும் தள்ளாட்டமுமாக வருகிறவருக்கும் எம்.ஆர்.ஐ. உதவும், ஏனெனில் சிறுமூளைப் பகுதி சி.டி.யில் சரியாகத் தெரியாது. அங்கே எம்.ஆர்.ஐ.யும் முதல் நாளில் சில சமயம் ஏமாற்றும். கண் அசைவைப் பார்த்துப் பழகிய மருத்துவரின் கண்ணுக்கு மதிப்பு அதிகம்.

பெரிய குழாய் அடைபட்டிருக்கும் என்று தோன்றினால், அதே மேசையில் சாயம் செலுத்தி சி.டி. ஆஞ்சியோ எடுப்பார்கள். தொடைக்குழாய் வழியாகக் கட்டியை இழுத்து எடுக்கும் சிகிச்சைக்கு இதுதான் வழிகாட்டி. அந்தச் சிகிச்சைக்கு 6 மணி நேரம் என்று இருந்த எல்லை, தகுதியானவர்களுக்கு 24 மணி நேரம் வரை நீண்டிருக்கிறது. சாயம் சிறுநீரகத்தைப் பாதிக்குமோ என்று கிரியாட்டினின் முடிவுக்குக் காத்திருந்து ஆஞ்சியோவைத் தள்ளிப்போடுவது பெரும்பாலும் தேவையற்ற தாமதம்.

வாய்வழியாக எதுவும் கொடுக்கும் முன் ஒரு சின்னச் சோதனை: நிமிர்த்தி உட்காரவைத்து, ஸ்பூனால் கொஞ்சம் தண்ணீர் கொடுத்து, இருமல் வருகிறதா, குரல் கரகரக்கிறதா என்று பார்ப்பது. இதில் தேறாதவருக்குப் புகட்டும் காபி நுரையீரலுக்குப் போய் நிமோனியாவாகத் திரும்பும்.

மற்றவை காரணம் தேடும் பரிசோதனைகள். கொழுப்பு, மூன்று மாதச் சர்க்கரை அளவு எல்லாம் சாவகாசமாகப் பார்க்கலாம். இதயத்துடிப்பு ஒழுங்கு தவறுவதுதான் நழுவிப்போகிற காரணம். அது வந்து வந்து போகும். சில விநாடி இ.சி.ஜி.யில் சிக்காது. அதனால்தான் எக்கோவோடு, 24 மணி நேரமோ அதற்கு மேலோ துடிப்பைத் தொடர்ந்து பதிவுசெய்யும் ஹோல்டர் கருவியை மாட்டிவிடுகிறார்கள். அது சிக்கினால் ஆஸ்பிரின் போதாது, மருந்தே மாறும்.

ஆட்டோவில் வரும் வழியிலேயே கை சரியாகி, வாசலோடு திரும்பிவிடுகிறவர்களும் உண்டு. இது தற்காலிகப் பக்கவாதம். அடுத்து முழுதாக வரும் ஆபத்து முதல் 48 மணி நேரத்தில்தான் மிக அதிகம். மூளைப் படம், இ.சி.ஜி., கழுத்து ரத்தக்குழாய்க்கு டாப்ளர் ஸ்கேன் அல்லது ஆஞ்சியோ ஆகியவற்றை இவர்களுக்கு அன்றோ மறுநாளோ முடித்துவிட வேண்டும். மூளையில் பாதிப்பு வந்த பக்கத்துக் கழுத்துக் குழாய் 70 சதவீதத்துக்கு மேல் சுருங்கியிருந்தால் அறுவை சிகிச்சையை 2 வாரத்துக்குள் செய்தால்தான் முழுப் பலன். டாப்ளருக்கே அடுத்த மாதம் தேதி வாங்கிக்கொண்டு போகிறவருக்கு அந்த 2 வாரம் வீட்டிலேயே கழிந்துவிடுகிறது.